ஆறு சுற்றுக் கயிறு

பச்சமுத்துவை நான் அடிக்கவில்லை. அடித்தேன் என்று கச்சிராயபாளையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சட்டையைப் பிடித்தேன், பொத்தான் இரண்டு தெறித்தது, அவ்வளவுதான். அதற்கே நான் பிறகு வெட்கப்பட்டுச் செத்தேன், அது வேறு விஷயம். நடந்ததை நடந்தபடி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் யார் என்ன பேசினாலும் எனக்குக் கவலையில்லை.

என் பெயர் சிங்கராயர். ரிஷிவந்தியம் பக்கம். கிணற்றில் மோட்டார் இறக்குவது, கெட்டுப்போன மோட்டாரை மேலே ஏற்றுவது, போர்வெல்லில் மாட்டிக்கொண்ட குழாயை உருவுவது, இதுதான் பதினெட்டு வருஷமாக என் தொழில். முக்காலி நட்டு, கப்பி மாட்டி, கயிறு போட்டால் அரை டன் கனத்தை நாங்கள் மூன்று பேர் தூக்கிவிடுவோம். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் ஆழக் கிணறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோபக்காரன் என்றும் சொல்வார்கள். அதுவும் நிஜம்தான். ஒருத்தன் பீடியை வாயில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. கீழே ஆள் நிற்கிறான் ஐயா. கயிறு நழுவினால் அவன் பெண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வது?

என் தங்கை பெயர் அமலோற்பவம். வீட்டில் அமலு. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். கடலூரில் காலேஜ் படிக்கும்போது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். படிப்பு முடிந்த பிறகும் விடவில்லை. அவள் ஓட்டுவதற்குப் பெயர் கட்டமரான். நம்முடைய கட்டுமரம்தான், பெயரைத் தூக்கிக்கொண்டு போய் வேறு எதையோ செய்து நமக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒல்லியாக இரண்டு படகு, நடுவில் இழுத்துக் கட்டின வலைத்துணி, அதன்மேல் ஓட்டுகிற ஆள், தலைக்கு மேல் இருபது அடிக் கம்பத்தில் பாய். பந்தயத்துக்கென்றே செய்தது. ஒருத்தர் மட்டும் ஓட்டுகிற வகை. நல்ல காற்றில் டவுன் பஸ்ஸை முந்திவிடும்.

அந்த வருஷம் ஆனியிலேயே கல்வராயன் மலையில் மழை கொட்டி, கோமுகி அணையில் தண்ணீர் ஏறியிருந்தது. பெண்களுக்கான தேர்வுப் பந்தயத்தை ஆடி மாதத்தில் அங்கேயே வைத்தார்கள். இரண்டு நாள், ஐந்து பந்தயம், பத்துப் பெண்கள். முதலாவதாக வருகிற ஒருத்திக்கு மட்டும் மும்பையில் தேசிய முகாம். இரண்டாவதாக வந்தவளுக்கு ஒரு கப்பு, ஒரு கைதட்டல், வீட்டுக்குப் போகலாம். முகாமில் சேர வயது இருபத்து மூன்றுக்குள் இருக்க வேண்டும். அமலுவுக்கு ஐப்பசியில் இருபத்து மூன்று முடிகிறது. ஆக, அவளுக்கு அதுதான் முதல் தேர்வு, அதுதான் கடைசி. அது தவறினால் கள்ளக்குறிச்சியில் ஏதாவது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போட உட்கார வேண்டியதுதான். அவளே அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

படகுகள் அவர்களுடையவை அல்ல. ஒரு கம்பெனிக்காரன் பத்துப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். எல்லாம் ஒரே மாதிரி, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று. கயிறு கட்டிப் படகைத் தயார் செய்கிற வேலைக்குத் தெரிந்த ஆளைக் கூட்டிவர வேண்டாமா? கம்பெனி மேனேஜர் கச்சிராயபாளையத்தில் பச்சமுத்துவைத் தினக்கூலிக்குப் பிடித்து, ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்து, பத்துப் படகையும் அவன் தலையில் கட்டிவிட்டான். கரும்பு வெட்டப் போகிற ஆள் அவன். அவனும் பாவம், சொன்னதை ஒரு நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் அமலு போன் பண்ணினாள். ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி முகத்தில் அறைகிறதாம். அவள் நாற்பத்தாறு கிலோ. பாயின் முன் ஓரத்தைக் கீழே இழுத்து இறுக்குகிற கயிறு ஒன்று உண்டு. அதை இறுக்கினால்தான் பாய் தட்டையாகி, காற்றின் வேகம் படகைக் கவிழ்க்காமல் இருக்கும். கம்பெனிக்காரன் கப்பியில் போட்டிருந்தது வெறும் மூன்று சுற்று, இவளால் அசைக்கக்கூட முடியவில்லை. கயிற்றையும் கப்பியையும் அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, வாண்ணா, உனக்குத்தான் கப்பி தெரியும் என்றாள். சொல்லிவைத்திருந்த ஒரு கிணற்று வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

அவள் பையிலிருந்து எடுத்த கப்பிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. சாமி படத்துக்குக் கொடி ஏற்றவா என்று கேட்டேன். முந்நூறு கிலோ தாங்கும் என்றாள். வேலை என்னவோ நான் அறிந்த வேலைதான். கயிறு கப்பிகளுக்கு நடுவே எத்தனை தடவை போய் வருகிறதோ அத்தனை சுற்று. ஆறு சுற்று என்றால் அறுபது கிலோ கனத்தைப் பத்துக் கிலோ பலத்தில் இழுக்கலாம். ஆனால் ஓர் அடி நகர்த்த ஆறு அடி கயிறு இழுத்தாக வேண்டும். பலம் எவ்வளவு மிச்சமோ அவ்வளவு கயிறு கூடுதல். ஒரு கப்பியின் வால்கயிற்றில் இன்னொரு கப்பியைத் தொங்கவிட்டு, அதன் வாலில் இன்னொன்றைத் தொங்கவிட்டு, முன் கயிற்றை எட்டுச் சுற்றுப் பலத்துக்குக் கொண்டுவந்தேன். அமலு ஒரு கையால் இழுத்தாள். பாய் பலகை மாதிரி விறைத்தது. பச்சமுத்து பக்கத்தில் நின்று அதையும் நோட்டில் படம் போட்டுக்கொண்டான்.

அப்போதே அமலு ஒன்று சொன்னாள்.

“எந்தக் கயித்துலயும் கடைசில முடிச்சு போட்றாதண்ணா. காத்து தூக்கிச்சுன்னா கைய உட்டுடுவேன். அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கணும்.”

சரி என்று தலையாட்டினேன். ஆட்டினேனே தவிர மனசு ஒப்பவில்லை. எங்கள் தொழிலில் முடிச்சில்லாத கயிற்று நுனி என்பது கொலைக்குச் சமம். கை நழுவினால் நுனி கப்பிக்குள் புகுந்து மறுபக்கம் ஓடிவிடும், மோட்டார் கீழே நிற்கிற ஆள் மேல் இறங்கும். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் வேறு கோஷ்டிக்காரர்கள் அப்படித்தான் நுனியில் முடிச்சுப் போடாமல் இறக்கினார்கள். கீழே நின்ற சடையன் இன்றைக்கும் படுக்கையில் கிடக்கிறான். அதனால் எங்கள் ஆட்கள் கயிற்றைக் கையில் எடுத்தவுடன் முதலில் நுனியில் முடிச்சுப் போடுவார்கள், பிறகுதான் வேலையே. மூன்று சுற்றுச் சுற்றி ஒன்றைத் திருப்பி உள்ளே விடுகிற முடிச்சு. யானை இழுத்தாலும் கப்பிக்குள் நுழையாது.

முதல் நாள் மூன்று பந்தயம். அமலு ஒன்றில் இரண்டாவது, மற்ற இரண்டிலும் முதலாவது. எத்தனையாவதாக வருகிறோமோ அத்தனை புள்ளி, குறைந்த புள்ளிக்காரி ஜெயிப்பாள். மறுநாள் காலை நாலாவது பந்தயத்தில் இரண்டாவது. மொத்தம் ஆறு புள்ளி. சென்னைப் பெண் ஒருத்தி ஏழு புள்ளியில் அவளை ஒட்டிக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் எல்லாம் எங்கேயோ பின்னால். கரையில் பார்த்தவனிடமெல்லாம் என் தங்கச்சி, நான் கட்டின கயிறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடைக்காரன், மீன் வறுக்கிற அம்மாள், பாராவுக்கு வந்த போலீஸ்காரர், ஒருத்தரையும் விடவில்லை.

கடைசிப் பந்தயம் மத்தியானம் இரண்டு மணிக்கு. பன்னிரண்டு மணிக்கே காற்று தலைவிரித்தாட ஆரம்பித்துவிட்டது. மலைச்சரிவில் மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கிறது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, மறுபடி சாய்கிறது. அமலுவின் உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன. மெயின் கயிற்றையும் மாற்றிவிடு, நாலு சுற்று போதாது, ஆறாக்கு என்று சொல்லிவிட்டு நடுவர் கூப்பிட்ட கூட்டத்துக்குப் போனாள். மெயின் கயிறு என்றால் பாயின் அடியில் இருக்கிற குறுக்குக் குழாயைப் பிடித்திழுக்கிற கயிறு. இழுத்தால் பாய் உள்ளே வரும், படகு சீறும். விட்டால் பாய் வெளியே திறந்துகொள்ளும், காற்று வழிந்துவிடும், படகு நிமிரும். கவிழாமல் இருப்பது அந்த ஒரு கயிற்றில்தான் இருக்கிறது.

அரை மணி நேரத்தில் மாற்றினேன். பச்சமுத்து கப்பியைப் பிடித்துக்கொண்டான். கயிறு கவ்வுகிற பல்லுக்குள் வாலை நுழைத்து வெளியே எடுத்தேன். நீளமான வால், முடிச்சில்லாமல் வலைத்துணி மேல் கிடந்தது. அது என் கண்ணை உறுத்தியது. தண்ணீரைப் பார்த்தேன், நுரைத்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் கயிறு முழுக்க உருவிக்கொண்டு போய்விட்டால் குழந்தை எதைப் பிடிக்கும்? இவளுக்குப் பாடம் சொன்ன துரைமார் எவனாவது கிணற்றில் இறங்கியிருக்கிறானா? பல்லிலிருந்து இரண்டு பாகம் தள்ளி முடிச்சைப் போட்டேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. பன்னிரண்டு அடி ஓடட்டும், தாராளம் என்று நினைத்தேன். முடிச்சோடு வாலைச் சுருட்டி, வலைத்துணியில் இருந்த பைக்குள் திணித்தேன்.

அவங்க முடிச்சு வாணாம்னு சொன்னாங்களேண்ணா என்று பச்சமுத்து மெதுவாகத்தான் கேட்டான். முந்தாநாள் கயிற்றைத் தொட்டவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா, போய் உன் நோட்டைப் பார் என்று விழுந்தேன். அவன் போய்விட்டான். அமலு ஓடிவந்தாள், கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், இலேசாக இருக்கிறது என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப் போனாள். முடிச்சுப் போட்டதை நான் சொல்லவில்லை. கேட்டால் அவிழ்க்கச் சொல்வாள் என்று தெரியும்.

பாதிப் பந்தயம் வரைக்கும் அவள் இரண்டாவதாகத்தான் போனாள். முன்னால் போன சென்னைப் பெண்ணை நெருங்கிக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது மலைப்பக்கத்திலிருந்து காற்று ஒரு வீச்சாக இறங்கி வந்தது, தண்ணீர் கறுத்துக்கொண்டே வருவது கரைக்குத் தெரிந்தது. மற்ற படகுகளின் பாயெல்லாம் படபடவென்று வெளியே திறந்தன. அமலுவின் பாய் கொஞ்சம் திறந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஒரு பக்கத்துப் படகு மேலே எழும்பியது. அவள் உடம்பை வெளியே சாய்த்துப் பார்த்தாள். நாற்பத்தாறு கிலோ என்ன செய்யும்? படகு அவளோடு சேர்ந்து கவிழ்ந்தது. கம்பம் அடிச்சேற்றில் குத்திக்கொண்டது. மோட்டார் படகு போய் அவளை ஏற்றி, படகைக் கட்டி இழுத்து வருவதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது. சென்னைப் பெண் முதலாவது, மொத்தம் எட்டுப் புள்ளி. பந்தயத்தை முடிக்காதவளுக்குப் பதினொரு புள்ளியாம்.

கரைக்கு வந்தவளின் உதடு நீலமாக இருந்தது. குளிரில் பேச்சே வரவில்லை. கயிற்றை விட்டேன், ஓடவில்லை, நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கயிறு கவ்வுகிற பல் சிக்கிக்கொண்டது, கம்பெனிக்காரன் தேய்ந்துபோன சாமானை மாட்டியிருக்கிறான், இந்தப் பச்சமுத்து அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். கண்மண் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. என் பிடியில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தான். போலீஸ்காரர் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

அதோடு விட்டேனா? நடுவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். படகைச் சோதிக்க வேண்டும், இப்போதே, எல்லார் முன்னாலும் என்றேன். எழுதிக் கொடுத்தால் விசாரிப்போம் என்றார்கள். அமலு எழுதிக் கொடுத்தாள்.

சாமியானா பந்தலில் மேஜை போட்டு விசாரணை. வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர்தான் தலைமை நடுவர், கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனுஷன். அவர் முதலில் விதியை எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். படகைக் கொடுத்தவர்கள் பக்கம் குறை இருந்தால் அமலுவுக்கு மட்டும் இந்தப் பந்தயத்தைக் கணக்கில் எடுக்காமல், முந்தின நாலு பந்தயத்தின் சராசரியைப் போடுவோம். அவள் பக்கம் குறை என்றால் பதினொன்று பதினொன்றுதான். நாலு பந்தயத்தில் ஆறு புள்ளி, சராசரி ஒன்றரை, கூட்டினால் ஏழரை. எட்டுக்கு ஏழரை. அமலு முதலாவது, மும்பை. எனக்கு அங்கேயே ஒரு கத்துக் கத்த வேண்டும் போல இருந்தது.

படகைப் பந்தல் பக்கம் தூக்கி வந்து கம்பத்தை நிமிர்த்தினார்கள். நடுவர் குனிந்து பல்லைப் பார்த்தார். புதுப் பல், விரலால் தள்ளினால் சுளுவாகத் திறந்து மூடியது. கயிற்றை நாலைந்து தடவை இழுத்து விட்டார், வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஓர் ஆளை விட்டுக் குறுக்குக் குழாயை வெளியே தள்ளச் சொன்னார். ஆறு சுற்றும் அவிழ்ந்து அவிழ்ந்து கயிறு பைக்குள்ளிருந்து ஓடியது, ஓடியது, டக்கென்று நின்றது. அந்த ஆள் இன்னும் பலமாகத் தள்ளினான். அசையவில்லை. நடுவர் டேப்பை வைத்து, குழாய் எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்று அளந்தார்.

இரண்டு அடி.

பன்னிரண்டு அடி கயிறு, ஆறு சுற்று, இரண்டு அடி. எட்டாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிகிற கணக்கு. இழுக்கும்போது ஓர் அடிக்கு ஆறு அடி வேண்டும் என்றால் விடும்போதும் ஆறு அடி வேண்டும்தானே? பாய் முழுக்கத் திறக்க நாற்பது அடியாவது ஓட வேண்டும். கிணற்று வேலையில் விடுவது என்று ஒரு காரியமே கிடையாது. இழுப்போம், நிறுத்துவோம், மெல்ல மெல்ல இறக்குவோம். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கயிற்றைக் கைவிட்டதில்லை. அதனால் அந்தப் பக்கத்துக் கணக்கு என் புத்தியில் ஏறவே இல்லை. மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அந்த முடிச்சு அவளைக் காப்பாற்றியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவர் முடிச்சைத் தூக்கிப் பிடித்தார். மூன்று சுற்று, ஒன்று திருப்பி உள்ளே. அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து எங்கள் வாசலில் கிடக்கிற கயிறெல்லாம் அந்த முடிச்சோடுதான் கிடக்கும். அமலு அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இதைப் போட்டது யார் என்று நடுவர் பச்சமுத்துவைக் கேட்டார். நான் போடல சார் என்றான். படகுக்கெல்லாம் பொறுப்பு நீதானே என்றதற்கு ஆமா சார் என்றான். மேனேஜர் குறுக்கே வந்து, நாளையிலிருந்து வராதே, உன்னை நம்பினதுக்கு எனக்கு இது வேணும் என்று திட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். பச்சமுத்து என்னை ஒரு தடவை பார்த்தான். பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றான். நான் முடிச்சுப் போடும்போது பக்கத்தில் இருந்தவன் அவன். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் கிடையாது.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். எட்டுக்கு ஏழரை, எட்டுக்கு ஏழரை என்று அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. அவனுக்குப் படகை லாரியில் ஏற்றுகிற இன்னும் ஒரு நாள் கூலிதானே போகிறது, இவளுக்கு ஆயுசு முழுக்க என்று ஓர் ஈனப் புத்தி. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கம்பெனிப் பக்கம் குறை என்று எழுத நடுவர் பேனாவைத் திறந்துவிட்டார். பச்சமுத்துவின் நோட்டு அவன் இடுப்பில் செருகியிருந்தது, நனைந்து ஊறிப்போயிருந்தது. படகை இழுக்க அவனும் தண்ணீரில் இறங்கியிருக்கிறான்.

“நான் போட்டது சார்” என்றேன்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. சத்தம் போட்ட ஆள் என்று மட்டும் என்னைத் தெரிந்த நடுவர், நீங்க யாரு என்றார். பெயரைச் சொன்னேன். ஒரு பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பந்தயக்காரர்களுக்கு உதவியாக வருகிறவர்கள் பெயர் கொடுத்திருக்க வேண்டுமாம். என் பெயர் அதில் இல்லை. முதல் நாள் காலை ஆதார் ஜெராக்ஸ் கேட்டிருந்தார்கள். கயிறு கட்டுவதற்கு ஆதாரா, போய்யா என்று கோபப்பட்டு நான் கொடுக்காமலே விட்டிருந்தேன்.

நடுவர் பட்டியலை மூடிவைத்தார். பிறகு, எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார். பட்டியலில் இருக்கிற உதவியாளர் செய்த தப்பு பந்தயக்காரியின் தப்பு. ஆனால் சம்பந்தமில்லாத வெளியாள் எவனோ அவளுக்குத் தெரியாமல் படகில் கை வைத்திருந்தால் அது அவள் குறை ஆகாது. சராசரி கிடைக்கும்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. என் புத்தி அவ்வளவு வேகமாக வேலை செய்ததே கிடையாது.

“நான் வெளியாளுதான் சார். கிணத்து வேல செய்றவன், வேடிக்க பாக்க வந்தேன். படகு சும்மா நின்னுக்கினு இருந்துச்சு, கயித்துல முடிச்சு இல்லியேன்னு நானா போட்டுட்டேன். இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. போலீஸ்ல குடுக்கறதுன்னா குடுங்க.”

டீக்கடைக்காரன் பந்தல் ஓரத்தில்தான் நின்றிருந்தான். மீன் வறுக்கிற அம்மாளும் நின்றாள். என் கையைப் பிடித்து விலக்கிய போலீஸ்காரரும் நின்றார். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பச்சமுத்துவும் திறக்கவில்லை. அந்த ஜனங்களின் காலில் விழலாம் என்று தோன்றியது.

நடுவர் அமலு பக்கம் திரும்பினார். இவரை உனக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது போலத்தான் கேட்டார். அவள் சட்டையிலிருந்து தண்ணீர் மேஜை விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லு, சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் அவளைக் கெஞ்சிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

“எங்கண்ணன் சார். நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன். நான்தான் கட்டச் சொன்னேன். அந்தப் பச்சமுத்து அண்ணன் மேல தப்பு இல்லிங்க, அவர வேலய உட்டு நிறுத்த வாணாம்னு சொல்லுங்க.”

நடுவர் எழுதத் தொடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. எழுதி முடித்து அவளிடம் நீட்டினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பதினொரு புள்ளி. மும்பைக்குச் சென்னைப் பெண்.

பந்தலை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வந்ததே கோபம், அப்படி ஒரு கோபம் அன்றைக்கு முழுக்க வரவில்லை. அணைக்கரை மேல் அவள் முன்னால் நடக்கிறாள், நான் பின்னால் கத்திக்கொண்டே போகிறேன். உனக்கு மூளை இருக்கிறதா, கையில் வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டாயே, ஒரு வார்த்தைதானே, நான் யாராக இருந்தால் உனக்கென்ன, நான் ஜெயிலுக்குப் போனால் போகிறேன், உன் ஆயுசே போயிற்றே என்று தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன். அவள் நின்றாள். திரும்பினாள். அவளுக்கும் கோபம் வரும் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் கோபம் என் ஒருத்தனுக்குத்தான் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

“முடிச்சு வாணாம்னு சொன்னேன். நீ கேக்கல. கேக்காதது கூடப் பரவால்ல, போட்டத எங்கிட்ட சொல்லல. உழுந்தா புடிக்கணும்னுதான் உனக்கு நெனப்பு. நான் உழமாட்டேன்னு உனக்கு ஒரு நாளும் தோணல. அத்த என்னால மன்னிக்க முடியல, நாளாவும். ஆனா நாலு ரேஸு நல்லா வந்தப்போ எந்தங்கச்சி எந்தங்கச்சின்னு கரையெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச இல்ல? அஞ்சாவதுல உழுந்ததும் நான் யாருன்னே தெரியாதா உனக்கு?”

அவளுக்காகத்தானே அப்படிச் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினோம். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. டிக்கெட்டை இரண்டு பேருக்கும் அவளே எடுத்தாள்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். சாப்பிட்டாயா, மழை வருமா என்று என்னோடு பேசத்தான் செய்கிறாள். நாளாகும் என்று சொன்னாள் அல்லவா, மூன்று ஆடி போய்விட்டது. இன்னும் ஆகவில்லை.